ஊசிவழி: பச்சைகுத்திகளின் பயணத்தொழிலும் தூத்துக்குடிக் கரையில் கடைத்தொழிலும்

ஆய்வுச்சுருக்கம்

தமிழகத்தில் பச்சைகுத்துதல் குறித்த எழுத்துகள் பெரும்பாலும் உருவங்களைப் பற்றியும் நம்பிக்கைகளைப் பற்றியும் பேசுகின்றன. குத்தியவர் யார், எவ்வழி வந்தார், எங்கே அமர்ந்தார், என்ன கூலி பெற்றார் என்னும் வினாக்கள் பின்தள்ளப்படுகின்றன. இக்கட்டுரை பச்சைகுத்துதலை ஒரு பயணத்தொழிலாகக் கொண்டு, உப்புக்கரையும் துறைமுகமுமாகிய தூத்துக்குடிப் பகுதியை முன்னிறுத்தி ஆராய்கிறது. ஊர் ஊராகச் செல்லும் ஊசி, நிலையான கடைக்குள் அமர்ந்தபோது மாறியது கருவி மட்டுமன்று. யார் யாருடைய வாசலை நாடிச் செல்கிறார் என்னும் உறவும் மாறியது என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: பச்சைகுத்தி, குறத்தி, பயணத்தொழில், வாசல், உப்புவழி, குற்றப்பரம்பரைச் சட்டம், டாட்டூ கடை

1. முன்னுரை

எட்கர் தர்ஸ்டன் 1885 முதல் 1908 வரை சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்தவர். மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பு, சங்குகுளிப்பு பற்றிய அவருடைய குறிப்புகள் 1890-இல் நூலாயின. க. ரங்காச்சாரியின் துணையுடன் அவர் தொகுத்த தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய ஏழு தொகுதிகள் 1909-இல் வெளிவந்தன. கடல் உயிரியலார் முதல் நூலை நாடுகின்றனர். சமூகவியலார் இரண்டாவதை நாடுகின்றனர். இரண்டையும் ஒருங்கே வைத்து வாசிப்பவர் அரியர். சிப்பியை எண்ணிய கையே மனிதத் தோலின் குறிகளையும் எண்ணியது என்பதை மறந்துவிட்டால், அக்குறிகள் எத்தகைய கண்கொண்டு பதிவுசெய்யப்பட்டன என்பதும் மறைந்துபோகும்.

தர்ஸ்டனின் 1909-ஆம் ஆண்டுத் தொகுதிகளில் ‘பச்சைகுத்தி’ என்பது தனிப்பதிவாக இடம்பெறுகிறது. நாடு முழுதும் அலைந்து பச்சைகுத்துதலைத் தொழிலாகக் கொண்ட குறவர்க்கு வழங்கும் பெயர் அது என்கிறார். தெலுங்கு நாட்டில் இதே தொழிலோருக்கு வழங்கிய ‘பச்சைபொட்லு’ என்னும் பெயரையும் உடன் தருகிறார். தொழிலின் பெயரே ஆளின் பெயராகி, ஆளின் பெயர் குழுவின் பெயராகிவிட்ட நிலை இது. தச்சர், கொல்லர் என்பனவும் அவ்வகையினவே. ஆனால் தச்சருக்கு ஊரில் ஓரிடம் உண்டு. பச்சைகுத்திக்கு வழி மட்டுமே உண்டு. அவ்வழியே இக்கட்டுரையின் பொருள்.

மேற்செல்லுமுன் ஒரு தெளிவு தேவை. குறவரும் நரிக்குறவரும் ஒருவரல்லர். குறவர் மொழி தமிழோடு நெருங்கிய திராவிட வழக்கு. நரிக்குறவர் பேசும் வாக்ரிபோலி இந்தோ-ஆரியக் குடும்பத்தது. அலைந்து வாழ்வோர் என்னும் ஒரே காரணத்தால் பொதுவழக்கு இருவரையும் ஒரு பெயரால் அழைத்துவந்தது. ஆய்வுரைகளும் அப்பிழையைத் தொடர்வது வருந்தத்தக்கது.

2. சொல்லும் பொருளும்

‘பச்சை’ என்னும் சொல் இங்கு நிறப்பெயர். குத்துபவர் வைப்பதோ கருமை: விளக்குப்புகையின் கரி. தோலின் மேலடுக்கு ஓயாமல் உதிர்ந்து புதுப்பிக்கப்படுவது. அதன் கீழடுக்கில் சென்றமரும் கரித்துகளை உடலின் காப்புச் செல்கள் விழுங்கி வைத்துக்கொள்கின்றன; ஆதலின் குறி நிலைக்கிறது. மேலுள்ள தோலின் வழியே ஒளி சிதறி மீள்வதால் அக்கருமை நீலமும் பசுமையும் கலந்த சாயலில் தோன்றுகிறது. குத்தியவள் கொடுத்தது கருப்பு. தோல் அதனைப் பச்சையாக்கியது. பெயரிட்டவர்கள் பொருளை நோக்காது விளைவை நோக்கிப் பெயரிட்டுள்ளனர்.

பச்சைகுத்துதலின் தொன்மையை நாட்டும் ஆர்வத்தில் சிலர் சங்க இலக்கியத் ‘தொய்யிலை’ இதன் முன்வடிவாகக் காட்டுவதுண்டு. இதனை ஏற்க இயலவில்லை. தொய்யில் மகளிர் தோளிலும் மார்பிலும் குழம்பால் எழுதப்படுவது. அதில் ஊசி இல்லை, குருதி இல்லை. அழிவதும் மீண்டும் எழுதப்படுவதும் அதன் இயல்பு. எழுதுபவன் பெரும்பாலும் காதலன். ஆதலின் அதில் கூலி இல்லை. பச்சையோ அழியாதது; அயலாள் ஒருத்தியால் கூலிக்குக் குத்தப்படுவது. அழகுக்காக உடலில் இடப்படும் கோடு என்பதொன்றே இரண்டற்கும் பொது. அவ்வொற்றுமை கொண்டு வரலாறு கட்டுவதைவிட, வேற்றுமையில் நின்று கேட்பதே பயன்தரும்: உடலெழுத்து எப்போது உறவினர் கையிலிருந்து தொழிலாளர் கைக்குச் சென்றது?

3. ஊசியும் கரியும்

தர்ஸ்டன் பதிவுசெய்த செய்முறையின் சாரம் இது. மஞ்சள்பொடியும் அகத்தியிலையும் சேர்த்தரைத்து, மெல்லிய துணியில் பொதிந்து திரியாக்கி, ஆமணக்கெண்ணெய் ஊற்றிய விளக்கில் இட்டு ஏற்றுவர். விளக்கின்மேல் புதுமண்சட்டியைக் கவிழ்ப்பர். சட்டியின் உட்புறம் படியும் கரியைச் சுரண்டியெடுத்து, தாய்ப்பாலிலோ நீரிலோ குழைப்பர். சில ஊசிகளை ஒருங்கே கட்டி, அக்குழம்பைத் தோலில் குத்திச் செலுத்துவர்.

இப்பட்டியலில் வழிநடையாளருக்குச் சுமையாவது ஏதும் இல்லை என்பதைக் கருதவேண்டும். விளக்கும் எண்ணெயும் எந்த வீட்டிலும் கிடைப்பன. அகத்தி கொல்லையிலும் கொடிக்காலிலும் நிற்பது. புதுச்சட்டி குயவர் தெருவில் கிடைப்பது. பாலும் குத்திக்கொள்ளும் ஊரிலேயே கிடைப்பது. குறத்தி தன் கூடையில் கொண்டுசெல்ல வேண்டியவை ஊசிகளும் முன்னர்ச் சேர்த்துவைத்த சிறிதளவு கரியுமே. உருவங்கள் நினைவில் இருந்தன: தேள், மீன், பறவை, தாமரை, புள்ளிக்கோலம். மூலதனம் ஏறத்தாழ முழுவதும் கையிலும் கருத்திலும் இருந்த தொழில் இது. அலைந்து வாழ்வோருக்கு இத்தொழில் பொருந்தியதன் காரணத்தைக் குல இயல்பில் தேடுவது வீண். கூடையின் எடையில் தேடலாம்.

குத்தும்போது பாடப்படும் பாட்டு தனியே கருதத்தக்கது. குத்திக்கொள்பவர், பெரும்பாலும் சிறுமியோ புதுமணப்பெண்ணோ, வலியை மறக்கும்பொருட்டு அது பாடப்பட்டது. நாட்டார் வழக்காற்றியல் தொழிற்பாடல் என வகுப்பன ஏற்றப்பாட்டு, நடவுப்பாட்டு, அம்பாப்பாட்டு போன்றவை. உழைப்பவர் தம் களைப்புத் தீரத் தமக்காகப் பாடுபவை. பச்சைகுத்துபவளின் பாட்டோ பிறர் வலிக்காகப் பாடப்படுவது. அவ்வகையில் தாலாட்டுக்கு அண்மையது. எனினும் பாடுபவள் தாயல்லள், கூலி பெறுபவள். நம் வகைப்பாட்டில் இதற்கு இடமில்லை. இடமின்மையாலேயே தொகுப்புகளில் இது ஒதுங்கிக் கிடக்கிறது எனத் தோன்றுகிறது.

4. வாசல் என்னும் பணியிடம்

பயணப் பச்சைகுத்தியின் பணியிடம் வாடிக்கையாளரின் வாசல். குறத்தி குரல் கொடுத்துக்கொண்டு தெருவில் வருவாள். பெண்கள் அழைப்பர். திண்ணையிலோ வாசற்படியிலோ வேப்பமர நிழலிலோ அமர்வாள். வீட்டினுள் செல்லும் வழக்கம் பொதுவாக இல்லை. கூலி தானியமாகவும் வெற்றிலை பாக்காகவும் பழந்துணியாகவும் வந்தது. காசு பிற்பட வந்தது.

இக்காட்சியில் ஒரு முரண் உண்டு. அடுப்படிக்கு அழைக்கப்படாதவள், அவ்வீட்டுப் பெண்ணின் கையைத் தன் மடிமேல் வைத்துத் தோலைத் துளைக்கிறாள். அவள் குழைத்த கரி அப்பெண்ணின் உடலோடு இறுதிவரை இருக்கிறது. இறந்தபின்னும் உடன்வரும் அணி பச்சை ஒன்றே என நாட்டார் நம்பினர். தாலியும் வளையலும் களையப்படும், பச்சை களையப்படாது. ஆக, ஒரு பெண்ணின் உடலில் மிக நீண்டகாலம் நிற்கும் அணியைச் செய்தவள், அவ்வீட்டின் நிலைப்படியைத் தாண்டாதவள். தீட்டு என்னும் கருத்தை ஆராய்வோர் உணவையும் நீரையும் கோயில் நுழைவையும் விரிவாக எழுதியுள்ளனர். ஊசிமுனையில் அத்தீட்டு எவ்வாறு தளர்ந்தது என்பது எழுதப்படவேண்டிய பகுதி. தொடுதல் தொழிலாகும்போது விலக்குத் தளர்கிறது என்பது மருத்துவச்சி, நாவிதர் ஆகியோர்க்கும் பொருந்தும். ஆனால் அவர்கள் ஊராரோடு தலைமுறை உறவு உடையவர்கள். பச்சைகுத்தியோ நாளை இராதவள். அவள் அயன்மையே அத்தளர்ச்சிக்கு வழிசெய்திருக்கலாம்.

வாசல் இன்னொரு வகையிலும் பொருள் உடையது. ஜான் லேயார்டு 1937-இல் நாட்டார் வழக்காற்றியலுக்கான ஆங்கில இதழ் ஒன்றில், தென்னிந்திய வாசற்கோலங்களையும் பச்சை உருவங்களையும் ஒருங்குவைத்து, சுற்றுவழிக் கோட்டை வடிவங்களைச் சடங்கு நோக்கில் ஆராய்ந்தார். அவருடைய உளவியல் முடிவுகளை முழுதும் ஏற்கவேண்டியதில்லை. புள்ளி வைத்துக் கோடு சுற்றும் ஒரே இலக்கணம் தரையிலும் தோலிலும் இயங்குகிறது என்ற அவர் கண்டறிவு மட்டும் உறுதியானது. இதற்குத் தொழில்வழி விளக்கம் ஒன்றும் சேர்க்கலாம். வாசலில் அமர்ந்த குறத்தியின் கண்முன் அன்றைய கோலம் கிடந்தது. வீட்டுப்பெண் கேட்ட உருவத்தை அவளே விரலால் மண்ணில் இட்டுக்காட்டியிருக்க முடியும். உருவப் பரிமாற்றத்துக்குத் தொன்ம நினைவு வேண்டுவதில்லை. ஒரே படியில் இருவர் அமர்ந்தாலே போதும்.

அலையும் குறத்தியின் வருவாயைத் தமிழிலக்கியம் நன்கறியும். நெல்லைச் சீமையில் எழுந்த திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியில், சிங்கியின் உடலில் கண்ட அணிகளைப் பற்றிச் சிங்கன் ஒவ்வொன்றாக வினவ, அவை எந்தெந்த நாட்டில் குறிசொல்லிப் பெற்றவை என அவள் விடைகூறுகிறாள். நகைச்சுவையாக வாசிக்கப்படும் அப்பகுதி உண்மையில் ஒரு பயணத்தொழிலாளியின் வரவுக்கணக்கு. சென்ற ஊர்களெல்லாம் அவள் உடலில் அணியாக நிற்கின்றன. பச்சைகுத்தியின் கணக்கோ மறுதலை: அவள் சென்ற ஊர்கள் பிறர் உடலில் நிற்கின்றன.

5. உப்புவழியும் சட்டமும்

பச்சைகுத்திகள் தனியே அலையவில்லை. சென்னை மாகாணத்துக் குறவருள் உப்புக்குறவர் என்போர் கரையிலிருந்து உப்பை எருதிலும் கழுதையிலும் ஏற்றி உள்நாட்டுக்குக் கொண்டுசென்று தானியத்துக்கு மாற்றியவர்கள். சங்க இலக்கியத்து உமணர் குடும்பத்தோடு வண்டிகளில் சென்றதை நினைவூட்டும் வாழ்வு இது. ஆண்கள் பொதிமாட்டை ஓட்ட, பெண்கள் வழியூர்களில் குறிசொல்லியும் கூடை முடைந்து விற்றும் பச்சைகுத்தியும் பொருளீட்டினர். உப்பு வழியைக் கொடுத்தது. ஊசி அவ்வழியில் நடந்தது.

அரசின் உப்புத் தனியுரிமை 1805-இல் சென்னை மாகாணத்தில் நிலைபெற்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இருப்புப்பாதைகள் வந்தன; 1870களின் நடுவில் தூத்துக்குடியும் இணைக்கப்பட்டது. இருப்புவண்டி உப்பை ஏற்றிச்சென்றபின் பொதிமாட்டுக்கு வேலையில்லை. மீனா ராதாகிருஷ்ணா தம் 2001-ஆம் ஆண்டு நூலில் இவ்வீழ்ச்சியையும், வாழ்விழந்த அம்மக்கள் ‘குற்றப்பரம்பரை’ ஆக்கப்பட்டதையும் இணைத்துக் காட்டியுள்ளார். 1871-இல் வடநாட்டிற்கென இயற்றப்பட்ட குற்றப்பரம்பரைச் சட்டம் 1911-இல் சென்னை மாகாணத்தையும் உள்ளடக்கியது. அறிவிக்கப்பட்ட குழுவினர் பதிவு செய்துகொள்ளவும், இருப்பிடத்தைத் தெரிவிக்கவும், இடம்பெயர இசைவு பெறவும் கடமைப்பட்டனர். வழியே வாழ்வாக உடைய தொழிலுக்கு இதைவிடக் கூரிய அடி வேறில்லை. சென்னை மாகாணத்தில் 1947-இலும் இந்திய அளவில் 1952-இலும் இச்சட்டம் நீங்கியது. பெயரோடு ஒட்டிய ஐயம் அன்றே நீங்கிவிடவில்லை.

அரசும் ஊசி பிடித்ததுண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் வங்காளத்திலும் சென்னை மாகாணத்திலும் ஆயுள்தண்டனைக் கைதிகளின் நெற்றியில் பெயரும் குற்றமும் பச்சைகுத்தப்பட்டன. 1849-இல் கைவிடப்பட்ட இவ்வழக்கத்தைக் கிளேர் ஆண்டர்சன் (2004) விரிவாக ஆராய்ந்துள்ளார். பின்னர்ப் பச்சைக்குறி காவல்துறையின் அங்க அடையாளப் பட்டியலில் இடம்பெற்றது. உடலளவை முறைகளைக் காவல்துறையினர்க்குப் பயிற்றியவர்களுள் தர்ஸ்டனும் ஒருவர் என்பதை இங்கு நினைவுகூர வேண்டும். நெற்றியில் குத்திய அரசு குற்றவாளியாகவில்லை. முன்கையில் தாமரை குத்தியவளின் குலம் குற்றப்பட்டியலில் ஏறியது.

6. துறைமுகமும் ஆண் உடலும்

வாசற்பச்சை பெரிதும் பெண்களுக்குரியது. ஆண்களின் பச்சை வேறு வழியில், கடல்வழியில் பெருகியது. பர்மாவிலிருந்து மீண்டோர், சிப்பாய்கள் ஆகியோரின் உடலில் கண்ட பர்மியக் கைவேலைகளைத் தர்ஸ்டன் குறித்துள்ளார். தூத்துக்குடி அக்காலத்தில் கொழும்புக்குச் செல்வோரின் வாயில். 1914-இல் பாம்பன் பாலம் திறக்கும்வரை சென்னையிலிருந்து வரும் ‘போட் மெயில்’ பயணிகள் இங்கேதான் கப்பலேறினர். 1906-இல் வ.உ.சிதம்பரனார் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கியதும் இத்தடத்தை நம்பியே. பெயர், நங்கூரம், கப்பல், சிலுவை எனத் துறைமுகப் பச்சைக்கு உலகெங்கும் ஒரு பொதுச்சொற்கோவை உண்டு. அது கோலத்தின் இலக்கணத்தைச் சாராதது. படத்தைப் பார்த்துத் தேர்வது. தேர்ந்தெடுக்கும் படப்புத்தகம் இவ்வகைத் தொழிலின் அடிப்படைக் கருவியாயிற்று.

மற்றொரு கருவி மின்பொறி. எடிசனின் மின்பேனாவைத் தழுவிச் சாமுவேல் ஓ’ரெய்லி 1891-இல் நியூயார்க்கில் காப்புரிமை பெற்ற பொறியே இன்றைய டாட்டூ மெஷினின் மூதாதை. தமிழகத் திருவிழாக்களில் பாட்டரியில் இயங்கும் சிறுபொறியோடும் படஅட்டையோடும் பாய்விரித்து அமர்வோர் இவ்விரு மரபுகளின் கலப்பு: குறத்தியின் வழி, துறைமுகத்தின் கருவி. 1970களில் எம்.ஜி.ஆர். தம் கட்சியினரைக் கட்சிக்கொடியைக் கையில் பச்சைகுத்திக்கொள்ளுமாறு பணித்தபோது, கட்சிக்குள்ளேயே எதிர்ப்பும் எழுந்தது. அச்செய்தியை அரசியல் வரலாறாகவே பேசுகிறோம். தெருவோரப் பச்சைகுத்துவோர்க்கு அது ஒரு பருவகால வேலையாகவும் இருந்திருக்கும்.

பருவம் என்பது இக்கரைக்குப் புதிதன்று. முத்துச்சலாபம் அறிவிக்கப்பட்டால் கரையில் ஒரு தற்காலிக ஊர் எழும். குளிப்பு முடிந்தால் கலையும். 1955-இல் தொடங்கிய சலாபத் தொடர் 1961-இல் முடிந்தபின் அவ்வூர் மீண்டும் எழவில்லை. இன்று கூட்டத்தைக் கூட்டுவன ஆகஸ்டு 5-இல் நிறைவுறும் பனிமய மாதா திருவிழாவும், குலசேகரன்பட்டினத் தசராவும், திருச்செந்தூர்க் கந்தசட்டியும். கூட்டத்தைப் பின்தொடர்ந்து செல்லும் கைத்தொழிலுக்கு இந்நாட்காட்டியே வழிகாட்டி.

7. கடை திறத்தல்

பயணி ஒருவர் கடை திறப்பதை வளர்ச்சியின் இயல்பான படியாகக் கருதுவது வழக்கம். தொழிலின் உறுப்புகளைப் பிரித்துப்பார்த்தால் அவ்வளவு எளிதன்று. கடை என்பது முகவரி. முகவரி என்பது முன்பணம், வாடகை ஒப்பந்தம், மின்இணைப்பு, 2008-இல் மாநகராட்சியான தூத்துக்குடியில் மாநகராட்சி உரிமம். அதன்மேல் ஒருவருக்கொரு முறை மாற்றும் ஊசி, கையுறை, வேகவைத்துத் தூய்மை செய்யும் ஆட்டோகிளேவ், சாயக்கிண்ணங்கள், குருதிபட்ட கழிவை அகற்றும் ஏற்பாடு. குறத்தியின் கூடையில் இருந்த மூலதனம் கையும் கருத்துமே என முன்னர்க் கண்டோம். கடையில் அவை இருந்தும் பிற இல்லையேல் கதவு திறவாது.

தூய்மை பற்றிய கவலை பொய்யன்று. ஒரே ஊசி பலர் தோலில் செல்வது கல்லீரல் அழற்சி நோய்க்கிருமிகளைப் பரப்பவல்லது. பச்சைகுத்தியவரிடம் குறிப்பிட்ட காலம்வரை குருதிக்கொடை பெறாததற்கும் இதுவே காரணம். 2024 டிசம்பரில் திருச்சிராப்பள்ளியில் நாக்கைப் பிளக்கும் அறுவையைச் செய்த டாட்டூ நிலையம் ஒன்றை மாநகராட்சி முத்திரையிட்டு மூடியது. எனவே ஒழுங்குமுறை வேண்டுமா என்பது வினாவன்று. ஒழுங்குமுறை எழுதப்படும்போது பாயில் அமர்ந்திருப்பவர் அதற்குள் வருவதற்கு வழி வைக்கப்படுமா என்பதே வினா. பயிற்சியும் மலிவான ஒருமுறை ஊசிகளும் திருவிழாத் திடலில் இடமும் தருவது ஒருவகை ஒழுங்கு. முகவரியில்லாதவரைக் காவலர் எழுப்பிவிடுவது மற்றொருவகை. இரண்டாவதன் வரலாற்றை ஐந்தாம் பகுதியில் கண்டோம்.

கடையில் வாசலின் திசையும் மாறுகிறது. முன்னர்க் குறத்தி பிறர் படியில் அமர்ந்தாள். இப்போது வாடிக்கையாளர் கண்ணாடிக்கதவைத் தள்ளிக்கொண்டு டாட்டூ கலைஞரின் படியேறி வருகிறார். நேரம் குறித்து, விலை கேட்டு, படம் தேர்ந்து, ஒப்புதல் தாளில் கையொப்பமிட்டு அமர்கிறார். கூலி ‘கட்டணம்’ ஆகிறது. ‘பச்சைகுத்தி’ என்ற பெயர் இழிவாகவும் ‘டாட்டூ ஆர்ட்டிஸ்ட்’ என்ற பெயர் மதிப்பாகவும் ஒலிக்கிறது. செயல் ஒன்றே: தோலின் கீழடுக்கில் கரி. சொல் மாற்றத்தோடு செய்பவரும் மாறினாரா என்பது களத்தில் கண்டறியப்படவேண்டியது. ஓவியம் பயின்ற இளைஞர்கள் இத்துறையில் பெருகியுள்ளதும், அவர்களுள் பெரும்பாலோர் ஆண்களாக இருப்பதும் வெளிப்படை. பெண் பெண்ணுக்குச் செய்துவந்த தொழில் இங்கே கைமாறியிருக்கிறது. குத்தும்போது பாடப்பட்ட பாட்டின் இடத்தில் ஒலிபெருக்கியோ செவிப்பொறியோ வந்தது.

நரிக்குறவரையும் குருவிக்காரரையும் தமிழகப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் சட்டத்திருத்தத்தை நாடாளுமன்றம் 2022 டிசம்பரில் ஏற்றது. குறவர் உட்பிரிவுகளின் நிலை வேறு. அவர்களின் கோரிக்கைகள் தனியே தொடர்கின்றன. சான்றிதழ், கடன், பயிற்சி ஆகியவை வரும்போது அவற்றுள் பச்சைகுத்துதலும் ஒரு தொழிலாக எண்ணப்படுவதற்கு, அது தொழிலாகவே ஆவணப்படுத்தப்பட்டிருக்க வேண்டும். இன்று அறுபதைக் கடந்த பல தென்மாவட்டப் பெண்களின் முன்கைகளில் அந்த ஆவணம் இருக்கிறது. உருவத்தை மட்டும் படமெடுத்து மீளாமல், எந்த மாதம், எந்தப் படியில், எந்த ஊர்ப் பெண் குத்தினாள், கூலியாக என்ன அளந்தீர்கள், என்ன பாடினாள் என ஐந்து கேள்விகளைச் சேர்த்துக் கேட்டால் ஊசி நடந்த வழியை நிலப்படத்தில் வரையமுடியும். எட்டயபுரம், விளாத்திகுளம், ஓட்டப்பிடாரம் வழியாகக் கரைக்கு இறங்கும் கரிசல் ஊர்களில் அப்பணியைத் தொடங்கலாம். தை அறுவடை முடிந்து களத்தில் தானியம் கிடந்த நாட்களே குறத்தி வந்த நாட்கள் என்ற கருதுகோளையும் அங்கேயே சோதிக்கலாம்.